மெக்கானிக் வண்டியைத் தர மறுக்கிறார்: எவ்வளவுதான் கொடுக்க வேண்டும்?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தையல் கடை வைத்திருக்கிறார், கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பது கணவர் பெயரில் 2012 அக்டோபரில் பதிவான சின்ன பெட்ரோல் கார், 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அதுதான் வண்டி. ஒருநாள் வழியில் என்ஜின் சூடேறி, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் என்ஜினை முழுதாகப் பிரித்து வேலை செய்ய 86,000 ரூபாய் என்றார்கள். பயந்துபோய்த் தெரிந்தவர் சொன்ன ஒரு ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார். ஹெட் கேஸ்கட் (என்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 18,000-க்குள் முடித்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். இரண்டு தவணையாக 16,000 ஜிபே செய்திருக்கிறார் வாசகி. மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது, கூடவே 41,500 ரூபாய்க்கு ஒரு வெள்ளைத்தாள் கணக்கும் வந்தது. மீதி 25,500-ஐப் பிறகு தருவதாகச் சொல்லி வண்டியை எடுத்துவந்தார். பதினோராம் நாள் புதுக்கோட்டை சாலையில் மறுபடி சூடேறி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு அதே ஷெட்டில் விட்டார். இந்த முறை வாட்டர் பம்ப் கோளாறு, அது தனி வேலை, 12,000 ஆகும், பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் கைவைப்பேன், அதுவரை வண்டி நிற்க நாளுக்கு 100 ரூபாய் என்கிறாராம் மெக்கானிக். நியாயம் கேட்டால், “வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது வரச் சொல்லுங்கக்கா” என்கிறாராம்.

தம்பி, ஸ்பேர் சாவியோடு இரவில் போய் வண்டியை எடுத்து வந்துவிடலாம் என்கிறார். நாத்தனார் கணவர், கன்ஸ்யூமர் கோர்ட்டில் போட்டால் 5 லட்சம் வாங்கலாம் என்கிறார். 15 வருடம் ஆனால் எப்படியும் உடைக்கத்தான் வேண்டும், இப்போதே பழைய இரும்புக்குப் போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “நான் ஏமாற்றப்பட்டேனா? என்ன செய்வது?” என்பது வாசகியின் கேள்வி.

உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பிய வாட்ஸ்அப் படங்களையும் நிதானமாகப் படித்தேன். முதலில் தம்பியிடம் சொல்லுங்கள்: அந்தச் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். நம் வண்டியை நாமே எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று அவருக்குத் தோன்றும். திருட்டுக்கான சட்டப் பிரிவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 378-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவாக வந்திருப்பது அது. கைக்கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தவர் கூலி பாக்கி வைத்திருக்கிறார், கடைக்காரர் அந்தக் கூலிக்காகக் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார், சொந்தக்காரர் அந்தப் பிடியை இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு கடிகாரத்தை எடுத்தால் அது திருட்டு என்கிறது. அப்படிப்பட்ட கடன் எதுவும் இல்லாதபோது கடைக்குள் போய்ப் பறித்து வந்தால் அது திருட்டு இல்லை, ஆனால் அத்துமீறல், தாக்குதல் என்று வேறு குற்றங்கள் ஆகலாம் என்கிறது அதற்கு முந்தைய உதாரணம். உங்களுக்குக் கடன் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே தகராறே. அது தீருமுன் ராத்திரியில் ஷெட்டுக்குள் நுழைவது, இன்று உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை அவர் பக்கம் தள்ளிவிடும்.

வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டா?

‘உரிமையே கிடையாது’ என்று நீங்கள் எழுதியிருப்பது முழுக்கச் சரியில்லை. ஒரு பொருளின்மேல் உழைப்பையோ திறமையையோ செலவழித்தவர், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. முதல் வேலை முடிந்ததும் அவர் வண்டியை உங்களிடம் கொடுத்துவிட்டார். கொடுத்தபோதே அந்தப் பிடி போய்விட்டது, பாக்கி வெறும் கடனாகிவிட்டது என்று வாதிடலாம். பழைய கடனுக்கும் சேர்த்துப் பொருளைப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமையை 171-ஆம் பிரிவு வங்கி போன்ற சில தரப்பினருக்கு மட்டுமே தருகிறது. அந்தப் பட்டியலில் மெக்கானிக் இல்லை. இரண்டாம் முறை வந்த வண்டியில் அவர் இன்னும் ஸ்பானர் வைக்கவே இல்லை, அதனால் புதுக் கூலியும் இல்லை.

சரி, இதையே சொல்லி வண்டியைக் கேட்டுவிடலாமே என்றால், சிக்கல் உங்கள் இன்னொரு வாதத்தில் இருக்கிறது. ‘இது அதே கோளாறு, அவர் சரியாகச் செய்யவில்லை, காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே கோளாறு என்றால் அதே வேலை. அதே வேலை என்றால், அந்த வேலைக்கான பாக்கிக்குத்தான் வண்டியை வைத்திருக்கிறேன் என்று அவர் தரப்பு சொல்லும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் என்று நிற்க முடியாது. நான் உங்களைச் சேவைக் குறைபாடு என்ற பக்கமே நிற்கச் சொல்வேன். பணம் திரும்பக் கிடைக்க வழி இருப்பது அங்கேதான். வண்டியை வெளியே எடுக்க, நியாயமாகத் தரவேண்டிய தொகையைக் கொடுக்கத் தயார் என்று எழுத்தில் காட்டினால் போதும்.

நாளுக்கு 100 ரூபாய் வாடகையைப் பொறுத்தவரை, முன்கூட்டிப் பேசாத வாடகை அது. தன் பாக்கிக்காக அவரே நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்கு உங்களிடம் வாடகை கேட்பதை நான் ஏற்கமாட்டேன். நீங்களும் ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தைகூட எழுதிவிடாதீர்கள்.

நியாயமான தொகை எவ்வளவு?

நீங்கள் விரும்பாத ஒன்றை இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. ‘18,000-க்கு மேல் எதற்கும் நான் சம்மதிக்கவில்லை’ என்கிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களிலேயே, விரிசல் விட்ட ஹெட்டின் போட்டோவைப் போட்டு, “இது ஆகாதுக்கா, மதுரைல செகண்ட்ஸ் ஹெட் எடுக்கணும், ஒம்போதாயிரம் வரும்” என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டிருக்கிறீர்கள். ‘பார்த்துவிட்டேன்’ என்ற அர்த்தத்தில்தான் போட்டிருப்பீர்கள், புரிகிறது. படிக்கிறவர்கள் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அதே செய்தி உங்களுக்கும் உதவுகிறது. 9,000 என்று எழுதியவர், வெள்ளைத்தாளில் அதே ஹெட்டுக்கு 14,500 போட்டிருக்கிறார். கடைசி வரியில் ‘ஜிஎஸ்டி 18% – 6,330’ என்று இருக்கிறது, ஆனால் தாளில் எங்கேயும் ஜிஎஸ்டி பதிவு எண் இல்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. பதிவு இருந்தால், எண் போட்ட முறையான பில் தரவேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை அந்த 6,330-ஐக் கணக்கிலிருந்து தூக்கிவிடுங்கள். ‘ஹெட் ஃபேஸிங்’ என்று ஒரு வரியும் இருக்கிறது. ஹெட்டையே மாற்றிய பிறகு ஃபேஸிங் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஹெட் வாங்கினாலும் லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்துத்தான் போடவேண்டும், அதில் தப்பில்லை. லேத் பட்டறை ரசீதை மட்டும் கேட்டு வாங்குங்கள். ரசீது இருந்தால் அவர் வேலை செய்ததற்கு அது சாட்சி, இல்லையென்றால் உங்களுக்குச் சாட்சி.

என் கணக்கு இப்படிப் போகிறது. ஒப்புக்கொண்ட 18,000, அதோடு ஹெட்டுக்கு அவரே எழுதிய 9,000, மொத்தம் 27,000. நீங்கள் கொடுத்தது 16,000. மீதி 11,000. அவர் கேட்கும் 25,500 என்பது பேரம் தொடங்கும் இடம், அவ்வளவுதான். ‘ஒரு பைசாகூடத் தரமாட்டேன்’ என்ற உங்கள் நிலையும் அப்படித்தான்.

ஏமாற்றினாரா, வேலை தெரியவில்லையா?

போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டவேண்டும். ஹெட்டைக் கழற்றாமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று எந்த மெக்கானிக்காலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழற்றிய பிறகு செலவு ஏறுவது இந்த வேலையின் இயல்பு. அவர் போட்டோ எடுத்து அனுப்பியும் இருக்கிறார். ஏமாற்ற நினைக்கிறவர் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ஸ்டேஷனில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால் வேலை சரியாக நடந்ததா என்பது வேறு கேள்வி, உங்கள் பலம் அங்கேதான். ஹெட் கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம். பெரும்பாலும் என்ஜின் சூடேறித்தான் போகும். ஏன் சூடேறியது என்று ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்க்காமல் புதுக் கேஸ்கட் போட்டால் அதுவும் போய்விடும். மெக்கானிக்குகளே இதைச் சொல்வார்கள். அப்படியிருக்க, பதினோரு நாளில் ‘இப்போது வாட்டர் பம்ப்’ என்பது, முதல் தடவையே பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்று அவரே சொல்வதுபோல் இருக்கிறது. நுகர்வோர் சட்டத்தில் இதைச் சேவைக் குறைபாடு என்று வைத்து வாதிட நல்ல இடம் இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றையும் பார்த்துவிடுவோம். முதல் தடவை முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ‘வீடு பக்கம்தானே’ என்று நாலு கிலோமீட்டர் ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஹெட் விரிசல் விட்டதில் அதற்குப் பங்கு இருக்கலாம். அப்புறம், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறீர்கள். உப்பும் துருவும் சேர்ந்து ரேடியேட்டரையும் பம்ப்பையும் கெடுக்கிற பழக்கம் அது. எதிர்த்தரப்பு கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் கோளாறுக்கு யார் காரணம் என்பதும், இரண்டாவது தடவை நின்றதற்கு யார் பொறுப்பு என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இதில் ஒன்று ரொம்ப முக்கியம். வேறு யாரும் பார்ப்பதற்குமுன் என்ஜினை மறுபடி திறக்க விடாதீர்கள், திறந்துவிட்டால் சாட்சி போய்விடும். வெளியிலிருந்து ஒரு அனுபவமுள்ள மெக்கானிக்கையோ, முடிந்தால் உரிமம் பெற்ற வாகன சர்வேயரையோ கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட்டில் எண்ணெய் இருக்கிறதா, ஆயில் பால்காபி நிறத்தில் இருக்கிறதா, பம்ப் உண்மையில் ஒழுகுகிறதா என்று அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். கழற்றிய பழைய ஹெட்டையும் கேஸ்கட்டையும் கேளுங்கள். அவை உங்கள் பொருள்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட்

உங்கள் வழக்கு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வரும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டும் என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் வைத்துக்கொள்ளப் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். வழக்குக்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். பெரிய கம்பெனிகளிடம் அது நன்றாக வேலை செய்யும். ஒரு தனி ஷெட்காரரை அது எவ்வளவு அசைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

5 லட்சம் என்ற பேச்சை மறந்துவிடுங்கள். 16,000 கொடுத்த வேலைக்கு, கொடுத்ததில் ஒரு பகுதியும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சில ஆயிரங்களும் கிடைத்தால் நல்ல தீர்ப்பு. மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும். அதுவரை வண்டி ஷெட்டில் நின்றால் பேட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும். வண்டியை முதலில் விடுவிக்க ஆணையத்திடம் இடைக்கால உத்தரவு கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் பேசி முடிக்க முடிந்தால் அதுதான் உங்களுக்கு மலிவு.

86,000 கொள்ளையா?

கம்பெனி சென்டர்மேல் நீங்கள் கொட்டியிருக்கும் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். அங்கே ஒரு சின்ன உறுப்பு போனாலும் அது சேர்ந்திருக்கும் மொத்தத் தொகுப்பையும் மாற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. ஒரிஜினல் ஸ்பேர்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்ற புகாரில், 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. ஆனாலும் அங்கே ஜாப் கார்டு, எழுத்தில் எஸ்டிமேட், வரி பில் எல்லாம் உண்டு. அந்தத் தாள்களை வெளி ஷெட்டிலும் கேட்டு வாங்கலாம், அதற்காக 86,000 கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்பேரிலும் ‘ஒரிஜினல் அல்லது டூப்ளிகேட்’ என்று இரண்டு வகைதான் இருப்பதாக நினைக்கிறீர்கள். நடுவில் ஒன்று இருக்கிறது. கார் கம்பெனிக்கு உறுப்பு செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளில் பல, அதேபோன்ற உறுப்பைத் தங்கள் சொந்தப் பெயரில் வெளிக்கடைகளில் விற்கின்றன. கார் கம்பெனி முத்திரை இருக்காது, விலை பெரும்பாலும் குறைவு. வாட்டர் பம்ப்பை இந்த வகையில் நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள், அவர் பொருத்தட்டும். பம்ப் விலை உங்களுடையது, ஆனால் முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய வேலை என்பதால் கூலி கேட்கக் கூடாது என்று பேசுங்கள்.

நாளைக்கு யாராவது ‘ரிப்பேரே வேண்டாம், செகண்ட்ஸ் என்ஜின் போட்டுவிடலாம், மலிவு’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஹெட் மாறினால் ஆர்சிக்குப் பிரச்சினை இல்லை. என்ஜின் எண் இருப்பது பிளாக்கில். பிளாக் மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் எண்ணை மாற்றவேண்டும், அந்த என்ஜின் எந்த வண்டியுடையது என்பதற்குத் தாள் வேண்டும். இல்லையென்றால் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது டெல்லி வட்டாரத்தில் வந்த கட்டுப்பாட்டைக் கேட்டுவிட்டு. தமிழ்நாட்டில் 15 வருடம் ஆன சொந்தக் காரை உடைத்தே ஆகவேண்டும் என்று விதி இல்லை. 2027 அக்டோபரில் உங்கள் பதிவு முடியும். வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி, தகுதி சரியாக இருந்தால் ஐந்து வருடம் புதுப்பிக்கலாம். 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது, அதோடு பசுமை வரியும் உண்டு. விற்றால் என்ன கிடைக்கும் என்பதோடு ரிப்பேர் செலவை ஒப்பிடாதீர்கள். அந்தக் காசுக்கு இதே அளவு நம்பகமான இன்னொரு வண்டி வருமா என்று பாருங்கள். பார்க்க வருகிற மெக்கானிக் பிளாக் நன்றாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளலாம். பிளாக்கும் போய்விட்டது என்றால் மேலே காசு போடாமல், தாள்களோடு இருக்கிற நிலையில் விற்றுவிடுங்கள்.

இந்த வாரம்

வெளி மெக்கானிக் வண்டியைப் பார்த்த மறுநாளே, ஷெட்காரருக்கு வாட்ஸ்அப்பில் இதை அனுப்பி, அச்செடுத்துப் பதிவுத் தபாலிலும் போடுங்கள்:

“நீங்கள் சொன்ன 18,000, ஹெட்டுக்கு நீங்கள் எழுதிய 9,000 ஆகியவற்றில் 16,000 கொடுத்துவிட்டேன். மீதி 11,000 தரத் தயார். வண்டி மறுபடி சூடேறியது முதல் வேலையில் காரணத்தைப் பார்க்காததால். வாட்டர் பம்ப்பை நானே வாங்கித் தருகிறேன், கூலி இல்லாமல் பொருத்தி, ஓட்டிக் காட்டி, பழைய உறுப்புகளோடும் பில்லோடும் வண்டியைத் தாருங்கள். இல்லையென்றால் 11,000-ஐப் பெற்றுக்கொண்டு வண்டியை இப்படியே தாருங்கள். நிறுத்தும் வாடகைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.”

இரண்டு, மூன்றாயிரம் முன்னே பின்னே என்று அவர் இறங்கி வந்தால் முடித்துவிடுங்கள். முழு 25,500-லேயே நின்று, உங்களுக்கும் வண்டி உடனே தேவை என்றால், ‘ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன், கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று முதலில் செய்தி அனுப்பிவிட்டு ஜிபேயில் கொடுத்து வண்டியை எடுங்கள். பணமாகக் கையில் கொடுக்காதீர்கள். ‘எல்லாம் சரி’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய வாட்ஸ்அப் செய்திகள், அவருடைய குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

‘ஆம்பளைங்களை வரச் சொல்லுங்க’ என்ற அவர் பேச்சுக்கு என் பதில் இது: வேலை கொடுத்தது நீங்கள், பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து. சட்டப்படி அவருடைய வாடிக்கையாளர் நீங்கள்தான், புகாரில் கையெழுத்தும் உங்களுடையதுதான். ஆர்சி கணவர் பெயரில் இருப்பதால், வண்டியைப் பெறவும் வழக்கு நடத்தவும் உங்களுக்கு அதிகாரம் கொடுப்பதாக மஸ்கட்டிலிருந்து அவர் ஒரு கடிதம் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பட்டும். ஸ்கேன் பிரதி இப்போதைக்குப் போதும், அசலைத் தபாலில் வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.